துணைக்கு வரச் சொன்ன டாக்டர்

டாக்டர் பூதலிங்கம் பிள்ளை காலமான செய்தி வலியசாலைக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே, எங்கள் தெருப் பெரியவர்கள் சமூக மண்டபத்தில் கூடி நெடுநேரம் ஆலோசித்து, தெருவின் சரித்திரத்தில் இதற்குமுன் எடுக்கப்படாத ஒரு முடிவை எடுத்தார்கள். இரங்கல் கூட்டத்தில் காப்பி உண்டு. ஆனால் துக்கத்தை முன்னிட்டுச் சர்க்கரை பாதிதான். காப்பியே வேண்டாம் என்று ஒரு கட்சியும், காப்பி இல்லாத கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று ஒரு கட்சியும் இருந்தன. எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்கு என்று ஊரெல்லாம் அடித்துக்கொள்ளும் இந்தக் காலத்தில், இரு கட்சிகளும் ரத்தம் சிந்தாமல் சமரசத்துக்கு வந்தது குறிப்பிடத் தக்கது.

செய்தியைக் கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர் சங்கரநாராயண ஐயர். எனக்கு அத்திம்பேர். ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறார். உச்சி வெயிலில் குடையில்லாமல் வந்து வாசலில் நின்றார். அவரைக் குடையில்லாமல் யாரும் பார்த்ததில்லை.

"மணி, டாக்டர் போயிட்டார்டா" என்றார். "மத்யானம் சாப்ட்டுட்டு நாற்காலியிலே சாஞ்சு கண்ணை மூடிண்டிருந்திருக்கார். எப்பவும் அப்படித்தானே இருப்பார்னு, வந்தவாள்ளாம் பேசாம காத்துண்டு உக்காந்திருந்தா."

உயிர் பிரிந்த பிறகும் நோயாளிகள் அவருக்கு முன் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவரை அறிந்தவர்கள் உடனே நம்புவார்கள். அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

நாடு விடுதலை அடைந்த வருஷம் அவர் நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வந்தார். சென்னையில் வைத்தியம் படித்தவர், மனைவியை இளமையிலேயே இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஆரியசாலையில் ஒரு மிளகாய் வத்தல் கிடங்கின் மாடியில் அறை எடுத்துப் பலகை மாட்டினார். அந்த மாடிப்படியைத் தும்மாமல் ஏறியவர்கள் இல்லை. வந்தவருக்கு ஜலதோஷமா, மிளகாயா என்று பிரிப்பதுதான் டாக்டருடைய முதல் சோதனை. "கொஞ்சம் இரியும். நெடி அடங்கட்டு. அதுக்கப்புறமும் தும்மினா மருந்து தாரேன்" என்பார். பலர் அதிலேயே குணமாகி இறங்கிப் போய்விடுவார்கள்.

சாயங்கால வெயில் மேற்கு ஜன்னலில் விழும்போது அறை முழுதும் மெல்லிய செம்பொடி மிதக்கும். அதன் நடுவே டாக்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறவர்போல மெதுவாக அசைவார். மருந்துக் குப்பியை எடுக்கக் கை நீட்டினால், கை போய்ச் சேர்வதற்குள் நமக்கு வேறு நினைவு வந்துவிடும். தெருவின் கூச்சல் அங்கே ஏறி வரும்போது தூரத்துக் கடல்போலாகிவிடும். அங்கே உட்கார்ந்திருந்த நேரங்களை இப்போது நினைத்தால், நடந்ததா, பகல் தூக்கத்தில் கண்டதா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. செக்ரட்டேரியட்டில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு இந்த இரண்டும் குழம்புவது புதிதல்ல என்றாலும், இது வேறு வகை.

வயிற்றைப் பரிசோதிக்கும்போது கண்களை மூடிக்கொள்வார். விரல்கள் மட்டும் விழித்திருக்கும். தூரத்துக் கோயிலில் தீபாராதனை மணி அடிக்கிறதா என்று காது கொடுக்கிறவர்போல முகம் இருக்கும். "என்ன டாக்டர் தெரியறது?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் தெரியல்ல. அதான் நல்லது" என்றார்.

எங்கள் தெருவில் வேதாந்தம் பேசலாம், சர்க்காரைப் பேசலாம், அடுத்த வீட்டு மருமகளைப் பேசலாம். காலையில் கொல்லைப்பக்கம் போய்வருவதைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. டாக்டர் இதை வந்த வேகத்தில் புரிந்துகொண்டு, ரயில் பாஷையில் கேட்கத் தொடங்கினார். "காலம்பற வண்டி எப்பிடி? டயத்துக்கு வருதா? வழியில நின்னு நின்னு வருதா?" பெரிய மனிதர்கள் கௌரவம் குறையாமல் பதில் சொன்னார்கள். பெண்டுகள் கணவன்மார் மூலம் "ரெண்டு நாளா வண்டி லேட்" என்று சொல்லி அனுப்பினார்கள். ரயில்வேயில் உண்மையாகவே உத்தியோகம் பார்த்த ஒருவர் கேள்வியை இலாகா முறையில் எடுத்துக்கொண்டு, கொல்லம் வண்டியின் தாமதத்துக்குச் சர்க்கார் தரப்பு விளக்கம் கொடுத்தார். டாக்டர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விழித்துக்கொள்வார். யாராவது "மூலம்" என்று சொன்னால் போதும், கண்கள் திறந்துவிடும்.

எங்கள் தெருவில் மூலம் ஒரு வியாதியல்ல, அந்தஸ்து. உட்கார்ந்து எழுதும் உத்தியோகத்தின் அடையாளம். அது வந்தவர்கள் கருணைக்கிழங்கு தின்பார்கள், மோர் குடிப்பார்கள், ரத்தம் போவதைப் பரம்பரைச் சொத்துப்போல அடக்கத்துடன் குறிப்பிடுவார்கள். டாக்டர் சொல்வது இது: "வண்டி நேரம் மாறி மாசக்கணக்கில அப்பிடியே நின்னுட்டுதுன்னா, ரத்தமும் கண்டுதுன்னா, ஆளும் மெலிஞ்சா, வயசும் நாப்பது தாண்டியாச்சுன்னா, அது மூலம்னு அவனவனே முடிவு பண்ணப்பிடாது. முக்காவாசிப் பேருக்கு மூலமாத்தான் இருக்கும். மிச்சம் உள்ளவனுக்குக் குடல்ல கட்டி. விரல் வச்சுப் பாக்காம மூலம்னு சொல்லுகவன் டாக்டர் இல்ல, ஜோசியன். ஜோசியனாவது ஜாதகத்தைப் பாத்துட்டுச் சொல்லுகான்."

விரல் வைத்துப் பார்க்கத் தெரு சம்மதிக்கவில்லை. ஆகவே சந்தேகப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அவருடன் படித்த சர்ஜன் ஒருவர் இருந்தார். அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டாக்டர் கையால் எழுதியது என்பதால் சிலர் அதைப் பூஜை அலமாரியில் படத்துக்கு அடியில் வைத்து மஞ்சள் தடவினார்கள். ஒருவர் சிறிதாக மடித்துத் தாயத்தில் போட்டுக் கட்டிக்கொண்டு, குணம் தெரிகிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்பது தெருவின் நம்பிக்கை. கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் போவார்கள் என்பதால், அந்த நம்பிக்கை ஒருநாளும் பொய்த்ததில்லை. அங்கே அனுப்புகிற டாக்டர் நம்மைக் கைகழுவிவிட்டார் என்று அர்த்தம்.

டாக்டர் சில நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோயாளி யார் என்பதையே மாற்றிவிட்டார். "எனக்கு வயித்தில ஒரு கோளாறு, சாமி. பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும். ஒத்தைக்குப் போக மனசு வரமாட்டேங்கு. துணைக்கு ஒரு நடை வாருமே" என்று, யாரை அனுப்ப வேண்டுமோ அவரையே கேட்கத் தொடங்கினார்.

தன் உயிருக்காக ஆஸ்பத்திரிப் படி மிதிக்காத எங்கள் தெருக்காரர்கள், பிறர் வியாதியைப் பார்க்க என்றால் எவ்வளவு தூரமும் வருவார்கள். அதில் கருணை எவ்வளவு, சுவாரசியம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. சர்ஜன் முதலில் டாக்டரைத் திரைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போவார். இருவரும் அங்கே பழைய கதை பேசுவார்கள் என்று நினைக்கிறேன். பிறகு சர்ஜன் தலையை நீட்டி, "வந்ததே வந்நு, நீங்களும் ஒண்ணு கிடந்நு காட்டிட்டுப் போங்கோ" என்று மலையாளமும் தமிழுமாகக் கூப்பிடுவார். துணைக்கு வந்தவர் மரியாதைக்காக மறுக்க முடியாமல் போய்ப் படுப்பார். பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் தெருவுக்குத் திரும்பி, டாக்டருடைய நிலைமை கவலைக்கிடம் என்று சொன்னார்கள்.

இப்படி மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவருக்குத் தீராத வியாதி இருக்கிறது என்று தெரு முடிவு கட்டியதில் தப்பில்லை. கோயிலில் அவருக்காக அர்ச்சனை நடந்தது. நட்சத்திரம் தெரியாததால் ஸ்வாமி பேரிலேயே செய்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்கு மிளகு ரசம் போயிற்று. கூடவே வேறொன்றும் நடந்தது. "தன் வயத்தையே சரி பண்ணிக்கத் தெரியாதவர் நம்ம வயத்தை என்ன பண்ணப் போறார்" என்று ஒவ்வொருவராக வேறு டாக்டர்களிடம் நகர்ந்தார்கள். மிளகாய்க் கிடங்கின் படிகளில் தும்மல் குறைந்தது.

"உங்க பேர் கெட்டுப் போறதே, டாக்டர்" என்றேன்.

"பேரு கெட்டதுனால இதுவரைக்கும் ஆளு செத்ததில்ல, மணி சார்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அத்திம்பேர் வேஷ்டி இடுப்பிலே நிக்க மாட்டேங்கறதுடா. சாதத்தை அளைஞ்சுட்டு எழுந்துடறார். தினம் கருணைக்கிழங்கு பண்ணச் சொல்றார். என்னன்னு கேட்டா எரிஞ்சு விழறார்." நான் டாக்டரிடம் சொன்னேன். மறுநாளே டாக்டர் அந்த ஆரியசாலைக் கடைக்குப் போய், அத்திம்பேரைத் துணைக்கு அழைத்தார்.

அத்திம்பேர் ரசம் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துணைக்குப் போகிறவருக்குத் துணையாக நானும் போனேன். பனி இறங்கிய காலை. பஸ்ஸின் கண்ணாடிக்கு வெளியே தென்னைகள் பாதி கரைந்து நின்றன. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, நம்மைத் தெரியாதவைபோல விலகிப் போயின. வழி முழுதும் அத்திம்பேர் டாக்டரைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

"தைரியமா இருக்கணும், கேட்டேளா. இப்பல்லாம் ஆபரேஷன்னா ஒண்ணுமே இல்லை. மயக்கம் கொடுத்துடுவா. தூங்கி எழுந்தா ஆச்சு. வெஷமிச்சுக் கவலைப்பட்டுண்டிருந்தா மட்டும் வியாதி போயிடுமா?"

"சாமி சொன்னா சரி" என்று டாக்டர் தலையாட்டினார்.

சர்ஜன் வழக்கம்போல் அத்திம்பேரையும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுப் பார்த்தார். மேலும் சில பரிசோதனைகள் நடந்தன. மலக்குடலின் அடியில் கட்டி, எடுத்தாக வேண்டும், எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார் சர்ஜன். பின்வழியை அடைத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் வழி வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அத்திம்பேர், "வேண்டாம்" என்றார். "நான் சமூக மண்டபத்திலே பந்தி விசாரிக்கறவன். மடியோட நிக்கறவன். பத்துப் பேருக்கு இலை போட்டு, நெய் விட்டாச்சா, பருப்பு வந்துதான்னு பாக்கறவன். வயத்திலே ஓட்டையை வெச்சுண்டு எப்படி நிப்பேன்? இப்படியே போறேன். மனுஷனாப் போறேன்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"சாமி, பந்தியில உக்காந்திருக்க எல்லாவனும் அதை உள்ள வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுகான். எங்க இருக்குன்னு உமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்."

"தெருவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. ஆஸ்பத்திரியில கிடக்கது நான். நீர் எனக்குத் துணை."

"நீங்க கடையைத் திறந்து உக்காந்திண்டிருந்தா யார் நம்புவா?"

"திறக்கப்போறதில்ல" என்றார் டாக்டர். பிறகு சிறிது சிரித்து, "மயக்கம் கொடுத்துடுவா. தூங்கி எழுந்தா ஆச்சு. நீர்தான பஸ்ஸில சொன்னீரு?" என்றார்.

அத்திம்பேர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் மிளகாய்க் கிடங்கின் மாடியைப் பூட்டினார். காயம் ஆறி அத்திம்பேர் நடமாடும்வரை, தினமும் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, அதே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தெருவிலிருந்து யாராவது நலம் விசாரிக்க வந்தால், சொல்லிவைத்திருந்த காலிக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். வந்தவர்கள் கட்டிலருகே நின்று அவருக்குத் திருநீறு பூசிவிட்டு, "சங்கரநாராயணன் எங்கே?" என்பார்கள். "மருந்து வாங்கப் போயிருக்காரு" என்பார். "பாவம், அலைஞ்சு அலைஞ்சு அவன் மெலிஞ்சுட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் வார்டில் நிலவிய டெட்டால் வாசனையும், மாமரத்து நிழல் சுவரில் ஆடியதும், டாக்டர் சுகவாசிபோல் கண்ணை மூடிக் கிடந்ததும் எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் நினைவிருக்கின்றன.

அத்திம்பேர் பிழைத்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் அகலமாகக் கட்டிக்கொண்டு மறுபடி பந்தி விசாரணைக்கு நின்றார். பருப்பில் உப்புக் குறைவு என்று சமையல்காரரைத் திட்டினார். டாக்டர் மாடியைத் திறந்தபோது நோயாளிகள் பாதிக்குமேல் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. டாக்டர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தூங்குவதற்கு நேரம் கிடைத்தது என்றார்.

டாக்டர் காலமானதும், சொந்த ஊரான பூதப்பாண்டியிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்து கொள்ளி வைத்தார். இரங்கல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை சமூக மண்டபத்தில் கூடியது. செகரட்டரி தீர்மானத்தை எழுந்து வாசித்தார். "நெடுங்காலம் தம் வயிற்றில் கொடிய நோயைச் சுமந்து, அதைத் தீர்க்கும் வழி அறியாத நிலையிலும் பிறர் நோயைத் தீர்க்க முயன்ற..." என்பதுவரை வந்திருந்தார்.

"அந்த வரியை எடுத்துடுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அத்திம்பேர் எழுந்து நின்றிருந்தார்.

"எந்த வரி ஓய்?"

"வயத்து நோவு வரி. அவருக்கு ஒரு நோவும் கிடையாது."

"நன்னாருக்கே. நீர்தானே மாசக்கணக்கா கூடவே கிடந்து பாத்துண்டீர்?"

"நான் அவரைப் பாத்துக்கலை. அவர்தான் என்னைப் பாத்துண்டார்." அத்திம்பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை; நான் அங்கே இருக்கிறேனா என்று மட்டும் பார்த்ததுபோல் இருந்தது. "கட்டி எனக்கு. ஆபரேஷன் எனக்கு. பின்வழியை அடைச்சாச்சு. இங்கே வழி வெச்சிருக்கா." அங்கவஸ்திரத்தின் மேல் இடது பக்கம் கையை வைத்தார். "இதோடதான் ரெண்டு வருஷமா உங்களுக்கெல்லாம் பந்தி விசாரிச்சேன். நெய் விட்டேன். நீங்க என்னைப் பத்திப் பேசாம இருக்கணும்னுதான் அவர் தன் கடையை மூடினார். அவருக்கு வைத்யம் தெரியாதுன்னு நீங்க எழுதப்படாது."

ஒருவர் "சிவ சிவா" என்றார். யாருக்காக என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த இருவர் தங்கள் உத்தரீயத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். அந்தி வெளிச்சம் மண்டபத்தின் ஓட்டுக் கண்ணாடி வழியாக அவர் தோளில் இறங்கியிருந்தது. நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தார் என்று தோன்றுகிறது. ஒருவேளை நெடுநேரமாக இல்லாமலும் இருக்கலாம்.

தூணோரம் உட்கார்ந்திருந்த வக்கீல் குமாஸ்தா ஹரிஹரய்யர், தரையைப் பார்த்தபடி, "வலி உண்டோ ஓய்?" என்று கேட்டார்.

"இல்லை. உமக்கு எத்தனை நாளா?"

"எனக்கு... மூலந்தான். ஆறேழு மாசமா."

"விரல் வெச்சுப் பாத்தாளா?"

"சீ."

"அப்போ அது ஜோசியம்" என்று சொல்லிவிட்டு அத்திம்பேர் உட்கார்ந்தார்.

அந்த வரி நீக்கப்பட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

டாக்டர் அவர்களே, உங்களைப் பற்றி இவ்வளவும் அச்சில் வருவதை நீங்கள் விரும்பியிருக்க மாட்டீர்கள். விரும்பாததைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்வது உங்கள் பழக்கம் என்பதால் எழுதுகிறேன். தெற்கே பழையாற்றங்கரையில் உங்கள் சாம்பலைக் கரைத்தபோது ஆற்றில் அவ்வளவாக வேகமில்லை என்றும், அது கொஞ்ச தூரம் கரையோரமாகவே வந்து பிறகுதான் நடுவே போயிற்று என்றும் உங்கள் தம்பி மகன் சொன்னார். அவசரமில்லாமல் போய்வாருங்கள். இந்த நடைக்கு உங்களுக்கு யாரும் துணை வரவில்லை. அது ஒன்றுதான் முறையல்ல.

அடுத்த பிரதோஷத்தன்று சமூக மண்டபத்தில் பந்தி விசாரணைக்கு அத்திம்பேரை அழைக்கவில்லை. அன்று காலை எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.